எங்க ரூம்ல நல்லாத்தானே பேசினான்?

சாஃப்ட்வேர் கம்பெனியில் ரெண்டு வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குக் கூட இந்த வசனம் தெரிந்திருக்கும். டெஸ்டிங் டீமிலிருந்து ஒருத்தர் வந்து "பாஸ், இந்த ஸ்க்ரீன் வேலை செய்யல" என்பார். எழுதின ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "என் சிஸ்டம்ல ஒர்க் ஆவுதே" என்பார். அவர் சொல்றது பொய் இல்லை. அவர் சிஸ்டத்தில் ஒழுங்காத்தான் ஓடும். ஆனா கஸ்டமர் அவர் சிஸ்டத்திலா உட்கார்ந்து பார்க்கப் போறார்?

இதே வசனத்தை நான் முதல் முதலா கேட்டது ஆபீஸில் இல்லை, ஒரு ஆஸ்பத்திரியில். (எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அது இங்க முக்கியமில்ல.) எனக்குத் திக்குவாய். ஏழாவது படிக்கும்போது அம்மா வாராவாரம் கூட்டிப் போவாங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேக்கற ஒரு ரூம், எதிரே ஒரே ஒரு மேடம், மெதுவா இழுத்து இழுத்துப் படிக்கச் சொல்லுவாங்க. படிப்பேன், திக்காது. வெளியே வந்து ரோட்டைத் தாண்டறதுக்குள்ள பழையபடி ஆயிடும். அம்மா கேட்டதுக்கு வந்த பதில்: "எங்க ரூம்ல நல்லாத்தானேம்மா பேசறான்? வீட்ல நீங்கதான் ஒழுங்கா பிராக்டிஸ் பண்ண வைக்கணும்."

அந்த மேடம் மேல எனக்குக் கோவம் இல்லை. அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இந்தப் பதிவு அந்தச் சொல்லிக்கொடுக்கிற முறையைப் பற்றித்தான். திக்கலுக்கு வைத்தியம் பார்க்க வருகிற தெரபிஸ்டுகளின் படிப்பில் பாதியாவது ரூமுக்கு வெளியே, ரோட்டில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம்.) திக்கல் மூணு விதமா வெளியே தெரியும். எழுத்து திரும்பத் திரும்ப வர்றது ஒண்ணு: "க-க-க-காசிமேடு". எழுத்து இழுபடறது ரெண்டாவது: "ஸ்ஸ்ஸ்ஸ்டேஷன்". மூணாவதுதான் கொடுமை, அடைப்பு. வாய் திறந்திருக்கும், தொண்டை இறுகிடும், சத்தமே வராது. எந்த மொழி பேசுகிற ஊராக இருந்தாலும் பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. அதாவது நெரிசல் நேரத்துல தண்டையார்பேட்டை தாண்டற ஒரு பஸ்ஸுக்கு ஒருத்தர்னு வச்சுக்கங்க. குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது, பெரும்பாலும் 2 வயசிலிருந்து 5 வயசுக்குள். அதில் முக்கால்வாசிப் பேருக்குப் போயும் விடுகிறது. போகாமல் தங்கிவிடுகிறவர்களில் ஆண்கள் பெண்களைப் போல சுமார் நாலு மடங்கு.

புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. பயத்தால வர்றதும் இல்லை. இது வந்த பிறகு பயம் வந்து ஒட்டிக்கும். பேச்சை மூளை திட்டமிட்டு ஓட்டுகிற விதத்தில் இருக்கிற ஒரு வித்தியாசம், குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. 2010-ல் அமெரிக்காவில் டென்னிஸ் டிரேனா என்கிறவரின் குழு, பாகிஸ்தான் குடும்பங்களை வைத்து ஆராய்ந்து இதோடு தொடர்புள்ள ஜீன்களையே காட்டியது. ஆகவே நாக்குல வசம்பு உரசல, பால்வாடியில யாரோ பண்ணினதைப் பார்த்து ஒட்டிக்கிச்சு என்கிற கதையெல்லாம் வேண்டாம். "திக்குவாய் பூரண குணம்"னு மருந்து விற்கிறவர்களிடமும் போகாதீர்கள். இந்திய மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இந்த நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற பட்டியல் அது. அதில் திக்கலும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

திக்கலுக்கு ஒரு விசித்திர குணம், இடத்துக்கு இடம் மாறும். பாட்டு பாடினா வராது. நாலு பேரோட சேர்ந்து கோரஸா படிச்சா வராது. நாய்க்குட்டிகிட்ட பேசினா வராது. எங்க அப்பா மணலி பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் பார்த்தவர். அவரோட வேலை செய்த மாமா ஒருத்தருக்கும் என்னை மாதிரிதான். பிரஸ் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது பக்கத்துல நின்னு கத்திப் பேசுவார், ஒரு தடங்கல் இருக்காது. அதே மனுஷன் ஷிப்ட் முடிஞ்சு கேட்டுக்கு வெளியே டீக்கடையில "ரெண்டு டீ" சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கத்துல நிக்கறவர் டீயைக் குடிச்சே முடிச்சிடுவார். "உள்ள நல்லாத்தான பேசுறான், வேணும்னே பண்றான்"னு ஒரு பேச்சு கம்பெனியில உண்டு.

வேணும்னு பண்ணல. தன் குரல் தன் காதில் விழாத அளவுக்குச் சத்தம் இருந்தால் பலருக்குத் திக்கல் குறைந்துவிடும். இது தெரிந்த சங்கதிதான். இதை வைத்து 1970-களில் காதுக்குள் இரைச்சல் போடுகிற ஒரு கருவியே எடின்பரோவில் செய்தார்கள். எங்க மாமாவுக்கு அந்தக் கருவியை கம்பெனிக்காரன் இலவசமா கொடுத்திருந்தான், அவ்வளவுதான் :-)

இதுக்கு நேரெதிரா, திக்கலை ஏத்திவிடற இடங்களும் இருக்கு. போன். பின்னாடி ஆள் நிக்கிற க்யூ. மேலதிகாரி. எல்லாத்துக்கும் மேல சொந்தப் பேர். பேரை மட்டும் மாத்திச் சொல்ல முடியாதே! காலையில டீம் கால்ல "அடுத்தது யாரு, அப்டேட் சொல்லுங்க" என்கிற அந்த ரெண்டு நிமிஷத்துக்காக நான் காலை ஆறு மணியிலேர்ந்து வயித்தைக் கலக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போ யோசிங்க. ஃபேன் சத்தம் மட்டும் இருக்கிற ரூம், அவசரப்படுத்தாத ஒரு மேடம், கையில் படிக்கத் தாள். திக்கலைப் பொறுத்தவரை இது ரொம்பச் சொகுசான இடம். அங்கே எடுக்கிற அளவு அந்த ரூமுக்கு மட்டும்தான் செல்லும்.

அளவு என்றதும் இன்னொன்று. தெரபிஸ்டுகள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு அளவுகோல் கிளிண்டன் ரைலி என்பவர் உருவாக்கியது, 1972-ல் முதலில் வந்தது, 2009-ல் நாலாவது பதிப்பு. நூறு அசைக்கு எத்தனை திக்கல், மிக நீண்ட மூணு திக்கலின் சராசரி நேரம், கண்ணைச் சிமிட்டறது தலையை ஆட்டறது மாதிரி உடம்புல தெரியற அறிகுறிகள், இதையெல்லாம் கூட்டி மார்க் போடுவார்கள். தேவையான கருவிதான். ஆனா இது எதைப் பிடிக்காதுன்னு சொல்றேன்.

எங்க வீடு திருவொற்றியூர் தேரடி. பாரிமுனையிலேர்ந்து பஸ் ஏறினா கண்டக்டர்கிட்ட "தேரடி"ன்னு சொல்லணும். எனக்கு 'தே' வராது. 'தி'யும் வராது, அதனால "திருவொற்றியூர்"னும் சொல்ல முடியாது. "விம்கோ நகர்" மட்டும் வழுக்கிட்டு வந்துடும். வேலை தேடி அலைஞ்ச வருஷம் முழுக்க விம்கோ நகருக்கு டிக்கெட் வாங்கிட்டு தேரடியில் இறங்கியிருக்கேன். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது எல்லாரும் ஏசி என்றார்கள், நேரம் மிச்சம் என்றார்கள். எனக்கு மெஷினைத் தொட்டு டிக்கெட் எடுக்கலாம், வாயைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் பெரிய சமாசாரம்.

அந்தப் பஸ்ஸில் ஒரு தெரபிஸ்ட் என் பக்கத்தில் நின்று எண்ணியிருந்தால் என் திக்கல் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு நான் தினமும் கூடுதல் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜோசப் ஷீஹன் என்கிற அமெரிக்க உளவியலாளர் (அவரும் திக்கியவர்தான்) இதைக் கடலில் மிதக்கிற பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதுக்குக் கேட்கிற திக்கல் மேலே தெரிகிற துண்டு. கூச்சம், பயம், வார்த்தையை மாற்றுவது, போனை எடுக்காமல் விடுவது எல்லாம் தண்ணிக்குக் கீழே. அந்தக் கீழ்ப்பகுதியை விசாரிக்கவும் கேள்வித்தாள்கள் வந்திருக்கின்றன. 2006-ல் யாரஸ், குவசல் என்ற இருவர் உருவாக்கியது அதில் ஒன்று. எத்தனை தடவை திக்குகிறாய் என்பதை விட்டுவிட்டு, திக்கல் உன் வாழ்க்கையை எவ்வளவு தின்கிறது என்று கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் முழு தெரபிஸ்ட்.

தமிழுக்கு வந்தால் எண்ணிக்கையிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. என் போன்ற எண் பைத்தியங்களுக்கு சுவாரசியமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். "திருவொற்றியூர்லேர்ந்து காசிமேட்டுக்குப் போகணும்." எத்தனை வார்த்தை? மூணு. எத்தனை அசை? (இங்க அசைங்கறது வெண்பா அசை இல்லை. ஒரு உயிரொலிக்கு ஒரு அசை.) ஏழு, அஞ்சு, மூணு, ஆக 15. இதையே இங்கிலீஷில் சொன்னால் 'ஐ வான்ட் டு கோ' என்று ஆரம்பித்து 8 வார்த்தை வரும், அசை அதே 15. நான் "தி"யில் ஒரே ஒரு முறை திக்கினேன் என்று வையுங்கள். வார்த்தைக் கணக்கில் தமிழில் 33 சதவீதம், இங்கிலீஷில் 12.5 சதவீதம். அசைக் கணக்கில் ரெண்டிலும் 7 சதவீதத்துக்கும் கீழே. ஒரே ஆள், ஒரே திக்கல்! இங்கிலீஷ் புத்தகத்தில் வார்த்தைக்கு இத்தனை என்று போட்டிருக்கும் எல்லைக்கோட்டை அப்படியே தமிழ்ப் பிள்ளை மேல் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வில்லங்கம், நம்மிடம் இருப்பது ரெண்டு தமிழ். படிக்கிற தாளில் இருப்பது எழுத்துத் தமிழ், வாயில் இருப்பது "இன்னாபா, எங்க போற". காசிமேட்டுப் பையன் கையில் பாடப்புத்தகத் தாளைக் கொடுத்துவிட்டு, அதில் அவன் தடுமாறுவது திக்கலா, பழகாத வார்த்தையா என்று பிரித்துப் பார்க்கக் காது பழகியிருக்க வேண்டும். தாளைப் படிக்கும்போது வார்த்தையை மாற்ற முடியாது, அதனால் ஒளித்து வைத்த திக்கல் வெளியே வரும். சும்மா பேசும்போது மாற்றி மாற்றித் தப்பித்துவிடலாம். ரெண்டையும் ஒப்பிட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வேகமாக, வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசுகிற 'கிளட்டரிங்' என்று வேறொரு குறை இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற திக்கல் வேறு. இதையெல்லாம் ஒரே பையில் போடக்கூடாது. இதை எந்த நோட்ஸும் சொல்லித்தர முடியாது. நம்ம ஊர்ப் பேச்சைப் பல மணி நேரம் காதால் கேட்டுத்தான் வரணும்.

இப்போ ஏன் திடீர்னு இதையெல்லாம் எழுதறேன்னா, எங்க அக்கா பையனுக்கு. நாலு வயசு, எண்ணூரில் இருக்கிறார்கள். எட்டு மாசமாத் திக்குகிறான். பக்கத்து வீட்டிலிருந்து பால்வாடி டீச்சர் வரைக்கும் எல்லாரும் சொல்வது "வளர்ந்தா சரியாயிடும்". முன்னே சொன்ன முக்கால்வாசிக் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனா மிச்சக் கால்வாசியில் யார் என்று யூகிக்க உதவும் சில அறிகுறிகள் இருக்கின்றன. பையனா, குடும்பத்தில் திக்கல் தங்கிப்போனவர் உண்டா, ஆரம்பித்து மாசக்கணக்கில் குறையாமல் இருக்கிறதா. எங்க பையனுக்கு மூணுமே ஆமாம். (தாய்மாமன் சீரா இதையா கொடுப்பேன்!)

நாலு வயசுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கம் லிட்கம் என்கிற இடத்தின் பெயரில் ஒரு முறை, 6 வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்காக உருவானது. வைத்தியம் செய்வது தெரபிஸ்ட் இல்லை, அம்மா அப்பா. தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு பேசி, தடங்கலில்லாமல் வந்த பேச்சைப் பாராட்டி, எப்போதாவது திக்கினதை மெல்ல எடுத்துச் சொல்லி, தினம் ஒரு மார்க் போட்டு எழுதி வரணும். வாராவாரம் தெரபிஸ்ட் அதைப் பார்த்துத் திருத்துவார். 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதன் பரிசோதனை முடிவு வந்தது. இந்த முறையில் பழகிய பிள்ளைகளுக்குத் திக்கல் தெளிவாகக் குறைந்திருந்தது. 2015-ல் நெதர்லாந்தில் 199 குழந்தைகளை வைத்து இதையும், பிள்ளைமேல் விழும் பேச்சு நெருக்கடியைக் குறைக்கிற இன்னொரு முறையையும் ஒப்பிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ரெண்டும் கிட்டத்தட்ட சமம். ஆக வழி ஒன்றுக்கு மேல் உண்டு.

ஆனா கவனிங்க, ரெண்டு வழியிலும் தெரபிஸ்ட் பயிற்சி கொடுக்க வேண்டியது பெற்றோருக்கு. விடிகாலையில் மீன் எடுக்கக் கிளம்புகிற அம்மாவுக்கு, ராத்திரி ஷிப்ட் கண்டெய்னர் யார்டில் இருக்கிற அப்பாவுக்கு, பத்துக்குப் பத்து வீட்டில், எதிர் வீட்டு டிவி சத்தத்துக்கு நடுவே அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வரும் என்று அவர்களோடு உட்கார்ந்து கண்டுபிடிக்கத் தெரியணும். "வீட்ல நீங்கதான் பண்ண வைக்கணும்"னு சொல்லி அனுப்பறது பயிற்சி ஆகாது.

அம்மாவைக் குறை சொல்வதற்குப் பின்னால் ஒரு பழைய சித்தாந்தமும் இருக்கிறது. அயோவாவில் வெண்டல் ஜான்சன் என்பவர், பெற்றோர் பிள்ளையின் சாதாரணத் தடுமாற்றத்தைத் திக்கல் என்று முத்திரை குத்துவதால்தான் திக்கலே உருவாகிறது என்றார். அவர் மேற்பார்வையில் 1939-ல் ஒரு மாணவி அநாதை விடுதிப் பிள்ளைகளிடம் சோதனையே நடத்தினார். அதற்கு அயோவா பல்கலைக்கழகம் 2001-ல் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கொள்கையை ஆராய்ச்சி உலகம் எப்பவோ ஓரம் கட்டிவிட்டது. நம்ம ஊர் ஆலோசனைகளில் மட்டும் அது இன்னும் உயிரோடு உலாவுது.

சரி, நம்ம ஊரில் தெரபிஸ்ட் ஆவது எப்படி? பிளஸ் டூவுக்குப் பிறகு செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோயியல் என்று ஒரே பட்டம், நாலு வருஷம், அதில் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1965-ல் மைசூரில் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனம்தான் இந்தத் துறைக்குத் தாய்வீடு மாதிரி. சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், போரூர் ராமச்சந்திரா, முட்டுக்காட்டில் 2005-ல் வந்த மத்திய அரசு நிறுவனம் என்று இடங்கள் இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே இருக்கிற எம்எம்சியை விட்டால் மத்ததெல்லாம் எண்ணூர்க்காரனுக்கு ஊரின் மறுகோடி.

அந்த நாலு வருஷத்தில் என்னவெல்லாம் படிக்கணும்? காது பரிசோதனை, காது கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட், அண்ணப்பிளவு, பக்கவாதத்தில் போன பேச்சு, ஆட்டிசம், குரல் கோளாறு, விழுங்கும் கோளாறு. அந்த நீண்ட வரிசையில் திக்கலும் ஒன்று. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு, அதற்குப் பிறகான பயிற்சியும் உண்டு. நல்ல திட்டம், அதனால் அந்தத் திறமைக்கு வேலையும் இருக்கிறது. திக்கலுக்கு இப்படி எதுவும் இல்லை. 2013-ல் ஆரம்பித்த தேசிய சிறார் நலத் திட்டம் தேடிப் பிடிக்கிற குறைகளின் பட்டியலில் மொழி வளர்ச்சித் தாமதம் இருக்கிறது, திக்கல் பெயர் சொல்லி இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பேச்சு மொழிக் குறைபாட்டுக்கு உதாரணமாகச் சொல்வது குரல்வளையை எடுத்தவர்களையும் பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களையும். பட்டியலில் இல்லாத குறைக்கு எந்த மாணவர் மெனக்கெட்டுப் படிப்பார்?

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1993-ல் அவர்கள் சங்கம் விதியை மாற்றியபோது, திக்கலில் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சி வேண்டும் என்ற கட்டாயமே போய்விட்டது. ஒரே ஒரு திக்கல்காரரைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்க வழி வந்தது. அதன் பிறகுதான் அங்கே திக்கலுக்கென்று தனி நிபுணர் சான்றிதழும், ஐரோப்பாவில் பல நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் தனிப் பயிற்சியும் வந்தன.

நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயங்கள் இல்லை. நாலே நாலு.

ஒண்ணு. மாணவர்கள் ரோட்டில் இறங்கித் திக்கணும். காமெடி இல்லை. சார்லஸ் வான் ரைப்பர் காலத்திலிருந்தே அமெரிக்காவில் இருக்கிற பழக்கம். திக்காத மாணவர் வெளியே போய் வேண்டுமென்றே திக்கிப் பேசிவிட்டு வரணும். எங்க ஏரியாவுக்கு வாங்க. காசிமேட்டில் ஞாயித்துக்கிழமை காலையில், பின்னாடி பத்துப் பேர் இடிக்கும்போது "அக்கா, வ-வ-வ-வஞ்சிரம் எவ்ளோ"ன்னு கேட்டுப் பாருங்க. கேலி நடக்கலாம். ஆனா அதிகமா நடப்பது வேற. "மெதுவா சொல்லு கண்ணு, இன்னா அவசரம்" என்பார்கள், பாசமாத்தான். அந்தப் பாசம் எவ்வளவு கூனிக்குறுக வைக்குதுன்னு ஒரு தடவை அனுபவிச்சவர், அதே வாக்கியத்தைத் தன் பேஷன்டிடம் சொல்ல மாட்டார். சினிமாவில் திக்குவாய் வந்தாலே சிரிக்கப் பழகின ஊர்ல இந்த ஒரு காலை நேரம் ஒரு செமஸ்டருக்குச் சமம்.

ரெண்டு. ஒவ்வொரு பேஷன்டுக்கும் ஒரு செஷனாவது வெளியே. ரேஷன் கடை, டிக்கெட் கவுண்டர், ஒரு போன் கால். எனக்கு இருபத்தி மூணு வயசில் இன்னொரு தெரபிஸ்ட் கிடைத்தார், என்னைவிட ஒரு வயசு சின்னவர். பஸ்ஸில் என்னோடு ஏறி, எனக்கு முன்னாடி கண்டக்டரிடம் அவரே "தே-தே-தேரடி ரெண்டு"ன்னு திக்கி டிக்கெட் வாங்கினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டார். உலகம் இடியல. நாலாவது முறை நான் வாங்கினேன். திக்கித்தான் வாங்கினேன், ஆனா தேரடிக்கு வாங்கினேன்.

மூணு. வகுப்பில் பாடம் எடுக்கத் திக்குகிறவர்களைக் கூப்பிடுங்கள், சும்மா இல்லாமல் சம்பளம் கொடுத்து. 2008-ல் தொடங்கிய இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் மாதிரி, திக்குகிறவர்களே நடத்துகிற குழுக்கள் நாட்டில் இருக்கின்றன. அவர்கள் நோக்கம் திக்கலை ஒளிக்காமல் பேசுவது. ஒரு மணி நேரம் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கேட்டாலே பனிப்பாறையின் அடி தெரியும்.

நாலு. ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பதும் பயிற்சியில் சேரணும். திக்கல் குறைந்து மறுபடி ஏறுவது சகஜம். ரிலீஸ் பண்ணிட்டு ஓடிப் போற டீமுக்கு என்ன பேர்னு நமக்குத் தெரியும்.

"ஓபியில் நூறு பேர் நிக்கறாங்க, இதுல பஸ்ல வேற கூட ஏறணுமா"ன்னு கேட்பார்கள். நியாயமான கேள்வி. தினமும் எல்லாருக்கும் முடியாதுதான். ஆனா இருபது வாரம் ரூமில் படிக்க வைத்து ரோட்டில் தோற்பதற்கும், பத்து வாரத்தில் ரெண்டு வாரம் வெளியே போவதற்கும் எது செலவு குறைவு? "பெத்தவங்க கேக்கறது திக்காம பேசறதுதானே"ன்னும் சொல்வார்கள். உண்மை, எங்க அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. மெதுவாகப் பேசுவது, மூச்சு விடுவது எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது நிறைய உதவுகிறது. ஆனா திக்காம பேசறதுங்கற ஒரே இலக்கைக் கொடுத்தால், அதை அடைய எளிய வழி வாயை மூடிக்கொள்வது. விம்கோ நகர் டிக்கெட் மாதிரி.

அக்கா பையன் இந்த ஜூனில் எல்கேஜி போகிறான். முதல் நாளே பேரைக் கேட்பார்கள். அவனுக்குத் தேவை திக்காத நாக்கு இல்லை. அவன் பேரைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிற ஒரு டீச்சரும், எண்ணூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், அவங்க அம்மாவோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு தெரபிஸ்டும். முதலாவதுக்கு நாங்களே ஸ்கூலில் போய்ப் பேசிட்டு வந்துட்டோம். ரெண்டாவதைத் தேடிக்கிட்டே இருக்கோம்.

டிஸ்கி: இந்தப் படிப்பு படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், காசிமேடு வர்றதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. மீன் வாங்க நானும் வர்றேன். பேரம் மட்டும் நீங்கதான் பேசணும், திக்கித்தான் பேசணும் :-)